காஞ்சிக்குப் போகும் பேருந்தும் பெரும்பாணாற்றுப்படையும்

காஞ்சிபுரத்தை ஒரே நாளில் பார்த்துவிட இயலுமா என்ற கேள்வி இலக்கிய நண்பர்களிடையே அவ்வப்போது எழுவதுண்டு. இயலாது என்பதே பெரும்பாலோர் தரும் விடை. ஆயிரம் கோயில்கள் கொண்ட ஊர், ஒரு வாரம் தங்கினாலும் போதாது என்று சொல்லிவிட்டு, மறுமாதமே ஒரு பேருந்தைப் பிடித்துக் காலையில் போய் இரவில் திரும்பிவிடுகிறார்கள். அன்று பார்த்தவை மூன்று கோயில்கள், ஒரு பட்டுக்கடை. பார்க்காமல் விட்டவற்றுக்கெல்லாம் நேரமின்மையின் மேல் பழி. இந்தப் பழியை நாம் ஏற்பதற்கில்லை. காஞ்சிக்கு ஒரு நாள் தாராளமாகப் போதும். கையில் கொண்டுபோகும் பட்டியலைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

அந்தப் பட்டியல் யாவரும் அறிந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். விடியலில் புறப்பட்டால் சிற்றுண்டி நேரத்தில் ஏகாம்பரநாதர் கோயில். அங்கே மாமரத்தைச் சுற்றியானதும் காமாட்சியம்மன் கோயில். பிறகு வரதராசப் பெருமாள் கோயில், அங்குள்ள தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்க நீண்ட வரிசை. நண்பகலில் கோயில்களின் நடை சாத்தப்படும். மறுபடியும் திறக்க மாலையாகும். இந்த இடைவெளியில்தான் பேருந்து பட்டுக்கடை வாசலில் நிற்கிறது. ஊரின் நண்பகல் முழுவதையும் கடை எடுத்துக்கொள்கிறது. அழைத்து வருவோருக்குக் கழிவு கொடுக்கும் வழக்கம் இத்தொழிலில் புதிதன்று. அந்தக் கழிவு சேலையின் விலையில் ஏறி, வாங்குபவர் தலையிலேயே விடிகிறது என்பதும் தெரியாத செய்தியன்று.

வழிபடப் போகிறவர்களிடம் நமக்கு வழக்கில்லை. 2019இல் அத்திவரதரைக் காண ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் இலட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். 1979க்குப் பின் 40 ஆண்டுகள் காத்திருந்து வந்த காட்சி அது. பக்தருக்கு வேண்டியது தரிசனம். அதை அவர் பெற்றுத் திரும்புகிறார், அவருடைய நாள் நிறைவுற்றது. நம் வழக்கு ‘கல்விச் சுற்றுலா’ என்ற பெயர்ப்பலகையைக் கட்டிக்கொண்டு புறப்படும் பேருந்துகளோடுதான். குறிப்பாக, தமிழ்த்துறைகள் ஏற்பாடு செய்யும் பேருந்துகளோடு. மணிமேகலையைப் பாடம் கேட்ட மாணவர்களைக் காஞ்சிக்கே அழைத்துவந்து, அது மணிமேகலையின் ஊர் என்று ஒரு சொல்லும் சொல்லாமல் திருப்பி அழைத்துப் போவதற்குக் கல்வி என்று எப்படிப் பெயர் வைப்பது?

தமிழ் படித்தவருக்குக் காஞ்சி வழிகாட்டி நூல் ஒன்று ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, கச்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் ஒரு பாணனை வழிப்படுத்தும் 500 அடிப் பாட்டு. பரிசில் பெறுவதே நோக்கமென்றால் அரண்மனை வாயிலை மட்டும் சொல்லியிருக்கலாம். புலவர் அப்படிச் செய்யவில்லை. உப்பு வண்டியோட்டும் உமணர், எயினர் குடியிருப்பு, கோவலர் சேரி, உழவர் வீடு, அந்தணர் மனை, கலங்கள் வந்து நிற்கும் நீர்ப்பெயற்றுத் துறை, திருமால் அரவணையில் பள்ளிகொண்ட திருவெஃகா என ஒவ்வொன்றாகக் கடந்த பிறகுதான் கச்சி நகர் வருகிறது. ஒவ்வோரிடத்திலும் யார் என்ன தொழில் செய்கிறார்கள், வந்தவருக்கு என்ன உணவு தருவார்கள் என்பதும் பாட்டில் உண்டு. ஓர் ஊரை அடைவதென்றால் அதன் மக்களின் தொழில் வழியாகவும் சோற்றின் வழியாகவும் அடைவது என்பது அந்தப் புலவரின் கொள்கை. நமது பட்டியலோ மக்களையெல்லாம் கழித்துவிட்டு வாயில்களை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆற்றுப்படை இலக்கணத்தைத் தேர்வுக்கு எழுதி மதிப்பெண் பெற்ற மாணவர், வழிப்படுத்துவார் எவருமின்றிக் கச்சிக்குள் இறக்கிவிடப்படுகிறார்.

அடுத்து மணிமேகலை. காப்பியத்தின் 30 காதைகளில் இறுதி மூன்றும் கச்சியில் நிகழ்பவை. வஞ்சியிலிருந்து மணிமேகலை இங்கே வரக் காரணம் பசி. மழை பொய்த்து நகர் வாடிக் கிடக்கிறது. அமுதசுரபியோடு வந்து அவள் பசி தீர்க்கிறாள். அதன்பின் அறவண அடிகளிடம் அளவை நூலும் பௌத்த அறமும் கேட்டு நோன்பு ஏற்கிறாள். சோறும் தருக்கமும் ஒரே ஊரில், ஒன்றன்பின் ஒன்றாக, அந்த வரிசையில். உ.வே. சாமிநாதையர் 1898இல் இக்காப்பியத்தைப் பதிப்பிக்க, பௌத்தக் கலைச்சொற்களுக்குப் பொருள் தேடி எவ்வளவு அலைந்தார் என்பதைத் தமிழ் படித்தவர் அறிவர். அந்தச் சொற்கள் புழங்கிய ஊர் கண்முன் இருக்கிறது. ஏறத்தாழ 640இல் இங்கே வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளையும் 10,000 துறவியரையும் குறிப்பிடுகிறார். நாளந்தாவில் தலைமை ஆசானாக விளங்கிய தர்மபாலர் பிறந்தது இவ்வூரில். அவர் மாணவரே யுவான் சுவாங்குக்கு ஆசிரியரான சீலபத்திரர். காமாட்சியம்மன் கோயில் வளாகத்தில் இருந்த புத்தர் சிலைகளைப் பற்றி து.அ. கோபிநாத ராவ் 1915இலேயே எழுதினார். அவற்றுள் நின்ற கோலத்துப் பெரிய புத்தர் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறார். காமாட்சி சந்நிதியில் வரிசையில் நிற்கும் தமிழ் மாணவருக்கு இந்த ஒரு செய்தியைச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? நேரமில்லை என்று சொல்வோர் இதற்காவது விடை சொல்ல வேண்டும்.

இனிக் கல்லில் இருப்பவற்றைப் பார்ப்போம். ஊரின் மேற்கே கைலாசநாதர் கோயில். இராசசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்தது. சுற்றுமதிலை ஒட்டி 58 சிற்றாலயங்கள், மணற்கல்லில் சிற்பங்கள், சில மாடங்களில் எஞ்சியிருக்கும் ஓவியத் தீற்றல்கள். இங்கே மண்டபத் தூண் ஒன்றில் ஒரு கன்னடக் கல்வெட்டு உண்டு. காஞ்சியை வென்று உள்ளே நுழைந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு அதைக் கவராமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அது சொல்கிறது. அவனுடைய அரசி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் இக்கோயிலின் சாயலைக் கலை வரலாற்றாசிரியர் காண்கின்றனர். பிற்காலத்தில் முதலாம் இராசராசன் இதைக் ‘கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி’ என்று சொல்லியிருக்கிறான். பகையரசன் நின்று பார்த்த கோயில் இது. நமது பேருந்து நிற்பதில்லை. கேட்டால், அங்கே கூட்டம் இருக்காது, கடைகள் இல்லை, பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும் என்கிறார்கள்.

வைகுந்தப் பெருமாள் கோயில் இதைவிடவும் நமக்கு நெருக்கமானது. பரமேச்சுர விண்ணகரம் என்று ஆழ்வார் பாடல் பெற்ற கோயில் அது. இரண்டாம் நந்திவர்மன் எடுத்தது. அதன் சுற்றுமண்டபச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. பரமேசுவரவர்மனுக்குப் பின் வாரிசின்றிப்போன அரசுக்கு ஆள் தேடி ஒரு குழு புறப்படுகிறது. இரணியவர்மனின் பன்னிரண்டு வயது மகன் அரசேற்க முன்வருகிறான். சிற்பங்களை ஒட்டிய கல்வெட்டுக் குறிப்புகள் அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லும்போது ‘கடிகையார்’ என்று ஒரு பெயரைத் தருகின்றன. கடிகை என்பது கற்றோர் கூடிய கல்விநிலையம். கடம்ப அரசைத் தோற்றுவித்த மயூரசர்மன் தன் ஆசிரியரோடு படிக்க வந்ததும் இதே காஞ்சிக் கடிகைக்குத்தான் என்று தாளகுண்டாக் கல்வெட்டு கூறும். அரசனைத் தேர்ந்தெடுக்கக் கற்றறிந்தோர் போய் நின்ற காட்சி ஒரு சுவரில் இருக்கிறது. கல்லூரி ஆசிரியரும் மாணவரும் அந்தச் சுவர் இருக்கும் தெருவைக் கடந்து சாப்பாட்டுக் கடை தேடுகிறார்கள். இச்சிற்பங்களைப் படித்து விளக்கியவர் சி. மீனாட்சி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். 1940இல், 35 வயது நிறையும் முன்பே மறைந்தார். அவருடைய ஆய்வு மறு ஆண்டு தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. ஒரு பெண் தன் குறுகிய வாழ்நாளில் சுவர்முன் நின்று வாசித்த வரலாறு அது. முனைவர் பட்டக் கனவோடு இருக்கும் நம் மாணவியருக்கு அவர் பெயரையாவது அந்த மண்டபத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டாமா?

வேகவதி ஆற்றைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம். சைனக் காஞ்சி என்று அழைக்கப்படும் பகுதி. வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் கட்டுவித்தார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாக விரிந்திருக்கின்றன. டி.என். இராமச்சந்திரன் 1934இல் இக்கோயில்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். சீவகசிந்தாமணியையும் நாலடியாரையும் நீலகேசியையும் பாடமாக வைத்திருக்கும் ஒரு துறை, ஊர் எல்லையிலேயே இருக்கும் இந்தக் கோயிலுக்குப் போகாமல் திரும்புகிறது. ‘சமணம் அழிந்தது’ என்று மட்டும் விடைத்தாளில் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். அழியவில்லை, அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது, விளக்கு எரிகிறது.

இத்தனைக்கும் மேலான குறை ஒன்றுண்டு. நம் கோபத்தின் மையமும் அதுவே. பட்டு என்று சொல்லிக்கொண்டு ஊருக்குப் போகிறவர் தறியைப் பார்க்காமல் வருவது. பார்த்தாலும் கடையின் முன்புறத்தில் காட்சிக்கு வைத்த ஒரு தறியைப் பார்ப்பது. அங்கே ஒருவர் உட்கார்ந்து, பேருந்து வந்ததும் நாடாவை நான்கு முறை ஓட்டிக் காட்டுகிறார். பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். மாடியில் சேலை விரிக்கப்படுகிறது. கீழே இருந்த தறிக்கும் மாடியில் விரிந்த சேலைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர் இல்லை.

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஓர் ஊடை, இரு கரைகளுக்கும் தனித்தனி ஊடை, ஆக மூன்று நாடாக்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். இதை ஒருவர் தனியே செய்வது அரிது. குழித்தறியில் நெசவாளர் அமர, பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் இருந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து. காஞ்சிக்குச் சொந்தமானது இந்த இருவரின் கைத்திறனே. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது காக்கப்பட வேண்டியதாகச் சட்டம் ஒப்புக்கொண்டதும் அதைத்தான்.

அந்தத் துணை ஆள் யார் என்று கேட்டால் கதை கசக்கும். நெடுங்காலம் அது ஒரு சிறுவன் அல்லது சிறுமி. முன்பணக் கடனுக்கு ஈடாகத் தறியில் உட்கார்த்தப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் சுட்டியது. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனது நல்லது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் துணை ஆளுக்கு உரிய கூலியைச் சேலையின் விலையில் சேர்த்துக் கொடுக்க எவரும் முன்வரவில்லை. கோர்வைத் தறிகள் குறைவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. மரபு அழிகிறதே என்று கண்ணீர் விடுகிறவர்கள், மலிவாகக் கிடைத்த காலத்தில் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாங்குகிறவர் அறிய வேண்டியது இன்னும் உண்டு. 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரை, நூல் தூய பட்டு என்று மட்டும் சொல்லும். அது விசைத்தறியில் ஓடியதா, கையால் நெய்ததா என்று சொல்லாது. அதைச் சொல்வது 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க். கைத்தறிக்கென்று சில துணிவகைகளை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. தொடக்கத்தில் 22 வகைகள், பின்னர் 11 ஆகச் சுருங்கின. சேலை அவற்றுள் ஒன்று. இந்த நான்கு செய்திகளையும் ஒரு மாணவி தெரிந்துகொண்டு கடைக்குள் போனால், அவள் கேட்கும் ஒரே கேள்வி விற்பனையாளரைத் திகைக்க வைக்கும். அந்தத் திகைப்பு ஒரு நெசவாளர் வீட்டுக்கு மறுவாரக் கூலியாகப் போய்ச் சேரக்கூடும்.

இது இலக்கிய மாணவருக்கு எதற்கு என்பார் உளர். அவர்களுக்கு இரு பெயர்களை நினைவூட்டுவோம். அறிஞர் அண்ணா 1909இல் இவ்வூரில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். 1942இல் ‘திராவிட நாடு’ இதழை இங்கிருந்தே தொடங்கினார். 1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தபோது, துணிமூட்டையோடு தெருவில் இறங்கி விற்றார். அவர் வீடு நினைவில்லமாகத் திறந்திருக்கிறது. மற்றொன்று, பிரியதர்சன் இயக்கத்தில் பிரகாஷ்ராஜ் நடித்துத் தேசிய விருதுகள் பெற்ற ‘காஞ்சிவரம்’ படம். மகளுக்குத் திருமணப் பட்டு நெய்ய ஆசைப்பட்ட நெசவாளி, அதற்கான நூலைத் திருடத்தான் வேண்டியிருக்கிறது. நெய்பவர் உடுத்த முடியாத துணி என்ற ஒரு முரண்மேல் நின்ற படம். இவை இலக்கியம் இல்லையென்றால் வேறு எவை?

நெசவாளர் வீடு என்ன அருங்காட்சியகமா, கூட்டமாய்ப் போய் எட்டிப்பார்க்க என்று கேட்பவர்களும் உண்டு. நேர்மையான கேள்வி. ஐம்பது பேரோடு ஒருவர் வீட்டுத் திண்ணையை மறிப்பது அநாகரிகம். ஆனால் ஊரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து, வேலையை நிறுத்திப் பேசும் நேரத்துக்குரிய ஊதியத்தையும் கொடுத்துவிட்டுப் போகலாம். இணக்கமில்லாமல் படமெடுக்க வேண்டாம். விருந்தினராகப் போவதற்கும் வேடிக்கை பார்க்கப் போவதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாணாற்றுப்படை படித்தவருக்குச் சொல்லித் தர வேண்டியதன்று.

மற்றொன்றும் மனத்தில் இருத்த வேண்டும். வடதமிழகக் கல்லூரிகளின் பேருந்துகளில் ஆரணியிலிருந்தும் காஞ்சியின் சுற்றூர்களிலிருந்தும் வரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பலர் அதைச் சொல்வதில்லை. வீட்டில் அப்பா குழிக்குள் கால் வைத்து மிதிக்கும் அதே தறி, கடையில் பொம்மையாக நிற்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை பேசாமல் இருக்கிறது. அன்றைய நாள் வேறு மாதிரி அமைந்திருந்தால் அந்தப் பேருந்திலேயே சிறந்த ஆசிரியராக அந்தப் பிள்ளை இருந்திருக்கும். பாவு, ஊடை, கோர்வை என்ற சொற்களையெல்லாம் அகராதி பாராமல் விளக்கியிருக்கும். அந்த வாயை அடைத்துவிட்டு நாம் எந்தக் கல்வியைக் கொடுக்கப் போகிறோம்?

எனவே தமிழ்த்துறைகளுக்கு நம் வேண்டுகோள் இது. அடுத்த கல்விச் சுற்றுலாவுக்குக் காஞ்சியைத் தேர்ந்தெடுத்தால் பழைய பட்டியலைக் கிழித்துவிடுங்கள். காலையில் முதலில் கைலாசநாதர் கோயில். அங்கிருந்து பக்கத்திலுள்ள பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருக்களுக்கு நடந்தே போகலாம். நடை சாத்துமுன் வைகுந்தப் பெருமாள் கோயில். நடை சாத்திய நண்பகலில் கூட்டுறவுச் சங்கமும் அண்ணா நினைவில்லமும். மாலையில் திருப்பருத்திக்குன்றம். நேரம் இருந்தால் சின்னக் காஞ்சியில் திருவெஃகா. திருமழிசையாழ்வார் சொல்லுக்குத் திருமாலே பாயைச் சுருட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்பட்டதாகக் கதை சொல்லும் கோயில். பேருந்தில் போகும்போது பெரும்பாணாற்றுப்படையையும் மணிமேகலையின் கச்சிமாநகர் புக்க காதையையும் மாணவர்களே உரக்கப் படிக்கட்டும். சேலை வாங்க விரும்புவோர் சங்கத்திலேயே வாங்கட்டும், முத்திரைகளைப் பார்த்து வாங்கட்டும். மூன்று பெரிய கோயில்களும் விடுபடுமே என்று தயங்க வேண்டாம். அவற்றுக்கு நம் மாணவர்களைத் தாய்தந்தையர் எப்படியும் அழைத்துப் போய்விடுவார்கள். இந்த ஐந்தாறு இடங்களுக்கு அழைத்துப் போக வகுப்பறையை விட்டால் வேறு ஆளில்லை.